கை செய்த பிழையும் மனம் தேடும் பரிகாரமும்

செயல்கள் அனைத்தும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருள்மொழியின் சாரம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பின் முதல் மொழியாக இதனையே வைத்தார்கள். மதரஸாவில் கால் வைத்த சிறுவனும் முதலில் மனனம் செய்பவற்றுள் இதுவும் ஒன்று. இஸ்லாமிய அறநெறியின் அடித்தளம் எண்ணமே என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

இந்த அடித்தளத்தின்மீது நின்றுகொண்டு, திருமறையின் நான்காம் அத்தியாயமாகிய 'அன்னிஸா'வின் 92-ஆம் வசனத்தை ஓதுகின்றவர் ஒரு கணம் திகைக்காமல் இருக்க முடியாது. ஒரு முஃமின் இன்னொரு முஃமினைக் கொல்வது தகாது, தவறுதலாக நேர்ந்துவிட்டாலன்றி. அப்படித் தவறுதலாக நேர்ந்துவிட்டால், கொன்றவர் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்து விட்டுக்கொடுத்தாலன்றி, அவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட வேண்டும். அடிமையை விடுவிக்க வசதியற்றவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இது அல்லாஹ்வே வகுத்தளித்த தௌபாவின் வழி. அவ்வசனத்தின் கருத்து இதுவாகும்.

இங்கேதான் கேள்வி எழுகின்றது. எண்ணமே செயலின் உயிர் என்றால், கொல்ல எண்ணாதவனிடம் குற்றம் ஏது? குற்றம் இல்லாதவன் அறுபது நாள் பசித்திருப்பது எதற்கு? பாவம் செய்யாதவனை தௌபாச் செய்யச் சொல்வதன் பொருள் யாது?

இது ஏட்டில் மட்டும் உள்ள கேள்வியன்று. லாரி ஓட்டிப் பிழைப்பவர், மீன்பிடி வலை இழுப்பவர், கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று செங்கல் அடுக்குபவர், இரவில் பச்சிளங்குழந்தையை அணைத்துக்கொண்டு கண்ணயரும் தாய் ஆகிய எவருடைய வீட்டு வாசலிலும் இக்கேள்வி ஒரு நாள் வந்து நிற்கக்கூடும். நீதிமன்றம் விடுவித்துவிட்டது, ஊராரும் ஆறுதல் கூறிவிட்டனர், ஆயினும் உறக்கம் வரவில்லை என்று சொல்லி ஆலிம்களிடம் வருபவர்கள் எல்லா ஜமாஅத்துகளிலும் உண்டு. அவர்களுக்கு மார்க்கம் என்ன கூறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தத்துவ ஆசிரியர்களின் திகைப்பு

இந்தப் புதிர் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் இமானுவேல் கான்ட், 1785-இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில், உலகில் நிபந்தனையின்றி நல்லது என்று கூறத்தக்கது நல்லெண்ணம் ஒன்றே என நிறுவ முயன்றார். செயலின் விளைவு எதுவாயினும், நல்லெண்ணத்தின் மதிப்பு அதனால் கூடவோ குறையவோ செய்யாது என்பது அவர் கொள்கை.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1976-இல், ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் பெர்னார்ட் வில்லியம்ஸ் இக்கொள்கையை ஓர் எடுத்துக்காட்டால் உரசிப் பார்த்தார். ஒரு லாரி ஓட்டுநர் யாதொரு தவறும் செய்யவில்லை. ஆயினும் அவருடைய வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டு இறந்துவிடுகின்றது. அவர் படும் வேதனை, பக்கத்தில் நின்று பார்த்தவர் படும் வேதனையைப் போன்றதா? இல்லை. பார்த்தவர், இப்படி நேர்ந்துவிட்டதே என்று வருந்துவார். ஓட்டுநரோ, என் கையால் நேர்ந்துவிட்டதே என்று வருந்துவார். செய்தவனுக்கே உரிய இந்த வருத்தத்தை வில்லியம்ஸ் தனியே சுட்டிக்காட்டினார். நாம் அந்த ஓட்டுநரைத் தேற்றத்தான் செய்வோம்; தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் மிக எளிதில் தேறிவிட்டால், இவர் எத்தகைய மனிதர் என்று நமக்கே ஐயம் வந்துவிடும் என்றும் அவர் குறித்தார்.

அவருக்கு மறுமொழியாகக் கட்டுரை எழுதிய அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் தாமஸ் நேகல் வேறொரு முடிச்சைக் காட்டினார். இரண்டு ஓட்டுநர்கள் ஒரே அளவில் கவனக்குறைவாக இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வழியில் குழந்தை குறுக்கே வந்தது. மற்றவர் வழியில் வரவில்லை. முன்னவரை உலகம் உயிரைப் பறித்தவர் என்கின்றது. பின்னவரை ஒருவரும் கண்டுகொள்வதில்லை. இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு அவர்கள் கையில் இல்லாத ஒன்று. தன் கையில் இல்லாததற்கு மனிதன் எவ்வாறு பொறுப்பாவான்?

மேலைநாட்டுத் தத்துவ மாணவர்கள் இவ்விரு கட்டுரைகளையும் இன்றளவும் விவாதித்து வருகின்றனர். ஆனால் நம் ஃபுகஹாக்கள் இதே களத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இறங்கி, பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருக்கின்றனர்.

மூன்று சொற்கள்

நம் சட்ட அறிஞர்கள் முதலில் மூன்று சொற்களை வேறுபடுத்தினர். அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் புதிர் முடிச்சாகின்றது.

முதலாவது 'இஸ்ம்', அதாவது பாவம். இது உள்ளத்தின் நாட்டத்தோடு பிணைந்தது. தவறுதலாகச் செய்தவற்றில் குற்றமில்லை, உள்ளங்கள் வேண்டுமென்று நாடியவற்றிலேயே குற்றம் என்னும் கருத்து 'அல்அஹ்ஸாப்' அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தில் வருகின்றது. உறங்குபவர் விழிக்கும்வரையும், சிறுவர் பருவமடையும்வரையும், சித்தம் கலங்கியவர் தெளியும்வரையும் அவர்களைப் பொறுத்துப் பாவத்தை எழுதும் பேனா உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் நபிமொழியும் நாம் அறிந்ததே.

இரண்டாவது 'ழமான்', அதாவது ஈடு செய்யும் பொறுப்பு. இதற்கு எண்ணம் தேவையில்லை. இழப்பு நேர்ந்திருந்தாலே போதும். ஐந்து வயதுக் குழந்தை அண்டை வீட்டாரின் கண்ணாடியை உடைத்துவிட்டால், குழந்தைக்குப் பாவம் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு விலை உண்டு. குழந்தைக்குச் சொத்து இருப்பின் அதிலிருந்து அது கொடுக்கப்பட வேண்டும். குற்றமற்றவனால் நேர்ந்தது என்பதற்காக இழந்தவனின் இழப்பு இல்லாமற் போய்விடாதல்லவா?

மூன்றாவது 'கஃப்பாரா', அதாவது பரிகாரம். இதுதான் நுட்பமானது. இது தண்டனையா, வணக்கமா? வணக்கத்திற்கும் தண்டனைக்கும் இடைப்பட்டது என்று ஹனஃபி அறிஞர்கள் விடையளித்தனர். நோன்பாக நிறைவேற்றப்படுவதால் அது வணக்கம். ஒரு செயலின் விளைவாகக் கடமையாவதால் அதில் தண்டனையின் சாயலும் உண்டு. ஆதலால்தான், வேண்டுமென்று கொலை செய்தவனுக்கு இந்தப் பரிகாரம் இல்லை என்பது ஹனஃபிகளின் முடிவு. அவனுடைய பாவம் இந்தப் பாத்திரத்தில் அடங்காத அளவு பெரிது. தவறிச் செய்தவனுக்கே பரிகாரம் உண்டென்றால், வேண்டுமென்று செய்தவனுக்கு அது இன்னும் பொருத்தமல்லவா என்று ஷாஃபிஈ அறிஞர்கள் வாதித்தனர். தமிழகத்திலும் இலங்கையிலும் இவ்விரு மத்ஹப்களின் வழியிலேயே நம் மக்களுள் பெரும்பாலோர் நடந்து வருவதால், இந்தக் கருத்து வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

தவறுதலிலும் வகைகள் உள. காட்டில் அசைவது மான் என்று எண்ணி அம்பெய்ய, அது மனிதனாக இருந்துவிடுவது நாட்டத்தில் நேர்ந்த பிழை. குறியை நோக்கி எய்த அம்பு விலகி மனிதன்மேல் பாய்வது செயலில் நேர்ந்த பிழை. உறக்கத்தில் புரண்டு ஒருவர்மேல் விழுந்து அவரை மாய்த்துவிடுவது பிழையின் இடத்தில் வைத்து எண்ணப்படுவது. பொதுவழியில் கிணறு தோண்டி வைக்க, அதில் ஒருவர் விழுந்து இறப்பது காரணமாக அமைந்த கொலை. இவ்விறுதி வகையில் இழப்பீடு உண்டு, கஃப்பாரா இல்லை என்பர் ஹனஃபிகள். கஃப்பாராவும் உண்டு என்பர் ஷாஃபிஈகள்.

உறங்குபவனைப் பற்றிய தீர்ப்பை உற்று நோக்குங்கள். பேனா உயர்த்தப்பட்ட மூவருள் அவன் ஒருவன். எனினும் அவன்மீது கஃப்பாரா உண்டு. இதிலிருந்தே கஃப்பாரா என்பது கொலைப் பாவத்தின் விலையன்று என்பது விளங்கிவிடுகின்றது. அப்படியானால் அது எதன் விலை?

ஓர் உயிரின் மதிப்பு

அறிஞர்கள் கூறும் முதற் காரணம், மறைந்துபோன உயிரின் மதிப்பாகும். அல்லாஹ்வை வணங்கிக்கொண்டிருந்த ஓர் அடியான் உலகிலிருந்து நீங்கிவிட்டான். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கின்றது. அடிமைத்தளையில் கிடந்த ஒருவனை விடுவிப்பது, ஏறக்குறைய இறந்த நிலையில் இருந்தவனை உயிருள்ளோர் வரிசைக்குக் கொண்டுவருவது போன்றது. போன உயிருக்கு ஈடாக, வாழ்வு பெற்ற ஓர் உயிர். அடிமை முறை ஒழிந்துவிட்ட இக்காலத்தில் எஞ்சி நிற்பது இரண்டு மாத நோன்பே.

உயிரை எண்ணிக்கையால் எடைபோட முடியாது என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'அல்முஸ்தஸ்ஃபா' என்னும் நூலில் ஒரு கப்பலைக் கொண்டு விளக்குகின்றார்கள். கப்பல் மூழ்கும் நிலையில் இருக்கின்றது. ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர்கள் பிழைப்பர். இல்லையேல் எல்லோரும் மாள்வர். சீட்டுக் குலுக்கி ஒருவரை எறியலாமா? கூடாது என்பதே இமாம் அவர்களின் தீர்ப்பு. பலரைக் காக்கும் நல்லெண்ணம்கூட ஒரு நிரபராதியின் உயிரை எடுக்கும் உரிமையைத் தந்துவிடாது. நல்லெண்ணத்தோடு எடுப்பதற்கே உரிமையில்லாத உயிர், எண்ணமே இல்லாமல் கைதவறிப் போய்விட்டால், அது ஒன்றுமில்லாததாகிவிடுமா?

இரண்டாவது காரணம், எச்சரிக்கை. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும், இன்னும் சற்று விழிப்பாக இருந்திருக்கலாம் என்னும் ஓர் இழை பெரும்பாலான விபத்துகளில் ஓடிக்கொண்டிருக்கும். அவ்விழையின் கணக்கே கஃப்பாரா என்பர் சிலர்.

மூன்றாவது காரணம்தான் என் உள்ளத்தை மிகவும் தொடுவது. கஃப்பாரா இறந்தவருக்கான மரியாதையாக இருப்பது போலவே, உயிரோடு இருப்பவருக்கான மருந்தாகவும் இருக்கின்றது. கை நடுங்கிக்கொண்டிருப்பவனிடம், நீ ஒன்றும் செய்யவில்லை, மறந்துவிடு என்று கூறினால் அவன் மனம் அதனை ஏற்பதில்லை. நீ கொலைகாரன் என்று கூறினால் அது பொய். இவ்விரண்டும் கூறாமல், இதோ அறுபது நாள் வேலை, செய், என்று மார்க்கம் கூறுகின்றது. துயரத்துக்கு ஓர் உருவம் கொடுக்கின்றது. அந்த உருவத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வைக்கின்றது. அறுபதாம் நாள் நோன்பு திறக்கும்போது, அல்லாஹ் என்னிடம் கேட்டதை நான் கொடுத்துவிட்டேன் என்று அவன் சொல்லிக்கொள்ள முடியும்.

இழப்பீட்டில் வேறொரு நுட்பம் இருக்கின்றது. தவறுதலான கொலைக்குரிய தியத் 100 ஒட்டகங்கள்; ஐந்து வகையாக, வகைக்கு 20. இதனைக் கொன்றவர் தனியே சுமப்பதில்லை. 'ஆகிலா' எனப்படும் அவருடைய சுற்றத்தார் மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்துகின்றனர். ஆனால் கஃப்பாராவைச் சுற்றத்தார் பகிர்ந்துகொள்ள முடியாது. அது அவர்மீது மட்டுமே உள்ள கடமை. மனிதருக்குச் செய்ய வேண்டியதில் சுற்றம் தோள் கொடுக்கின்றது. இறைவனுக்கு முன் நிற்கும்போது அவர் தனியே நிற்கின்றார்.

மூஸா (அலை) அவர்களின் கை

பாவமில்லாதவன் தௌபாச் செய்வது எவ்வாறு என்னும் கேள்விக்கு, திருமறையிலேயே ஒரு வரலாற்று விடை இருக்கின்றது. அது 'அல்கஸஸ்' அத்தியாயத்தில் வரும் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறு.

நுபுவ்வத் கிடைக்கும் முன்னர் நடந்தது இது. நகரத்தார் அயர்ந்திருந்த நேரத்தில் மூஸா (அலை) அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். இருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர், ஒருவர் அவர்களுடைய சமூகத்தவர், மற்றவர் பகைவர் கூட்டத்தவர். தம்மவர் உதவிக்கு அழைத்தார். மூஸா (அலை) அவர்கள் ஒரு குத்து விட்டார்கள். அவ்வளவுதான், அவன் மாண்டுவிட்டான். கொல்வது அவர்களின் நோக்கமன்று. ஒடுக்கப்பட்டவனுக்கு உதவுவதே நோக்கம். ஆயினும் மூஸா (அலை) அவர்கள், எதிரி வலியவன் என்றோ, நான் நினைக்கவில்லை என்றோ வாதாடவில்லை. இது ஷைத்தானின் வேலை என்றார்கள்; எனக்கே நான் தீங்கிழைத்துக்கொண்டேன், என்னை மன்னிப்பாயாக என்று இறைஞ்சினார்கள். உடனே மன்னிப்பும் கிடைத்தது என்று திருமறை சாற்றுகின்றது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் நாம் ஊன்றி நோக்க வேண்டியது. நீ எனக்குச் செய்த பேரருளின் பொருட்டு, இனி நான் குற்றவாளிகளுக்கு ஒருபோதும் துணை நிற்க மாட்டேன் என்று இறைவனிடம் உறுதி கூறினார்கள். நடந்துபோனதை எண்ணிக் கலங்கும் வருத்தம், நடக்கப் போவதைப் பற்றிய கடமையாக அக்கணமே மாறிவிட்டது.

பின்னர் உயிருக்கு அஞ்சி நகரை நீங்கி மத்யன் சென்றார்கள். வீடில்லை, உணவில்லை, கையில் ஒன்றுமில்லை. அந்நிலையில் நீர்நிலையருகே இரண்டு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதைக் கண்டார்கள். அவர்களின் தந்தை முதியவர். மற்ற இடையர்கள் விலகும்வரை அப்பெண்கள் காத்திருக்க வேண்டிய நிலை. தாமே முன்சென்று ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். அதன் பின் நிழலில் ஒதுங்கி, நீ அருளும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்று இறைவனிடம் கையேந்தினார்கள். முன்பு ஓர் உயிர் போகக் காரணமாக இருந்த அதே கை இப்போது தாகத்துக்கு நீர் இறைத்தது. அந்த நிழலிலிருந்துதான் அவர்களுடைய மறுவாழ்வு தொடங்கியது. தங்க இடம், மணவாழ்வு, எட்டு ஆண்டு அல்லது பத்து ஆண்டு உழைப்பு, அதன்பின் தூர் மலைப் பக்கத்தில் இறைவனின் அழைப்பு.

மன்னிப்புக் கிடைத்துவிட்டதால் மூஸா (அலை) அவர்கள் அதனை மறந்துவிட்டார்களா? இல்லை. ஃபிர்அவ்ன் அச்செயலைச் சொல்லிக் குத்திக்காட்டியபோது அவர்கள் மறுக்கவில்லை. அதுமட்டுமன்று, மறுமை நாளில் மக்கள் பரிந்துரை வேண்டித் தம்மிடம் வரும்போது, கொல்லுமாறு கட்டளையிடப்படாத ஓர் உயிரை நான் கொன்றுவிட்டேனே என்று கூறித் தயங்குவார்கள் என்று ஹதீஸ் கூறுகின்றது. எண்ணிப் பாருங்கள். மன்னித்ததாக இறைவனே அறிவித்துவிட்டான். ஆயினும் அந்த மனம் அதனை நினைவில் வைத்திருக்கின்றது. இது அவநம்பிக்கையன்று, ஓர் உயிரின் பெறுமதியை அறிந்த உள்ளத்தின் நாணம். வில்லியம்ஸ் கூறிய, செய்தவனுக்கே உரிய வருத்தத்தின் மிக உயர்ந்த வடிவம் இதுவே. அந்த நாணம் அவர்களை முடக்கிவிடவில்லை என்பதுதான் முக்கியம். ஃபிர்அவ்னின் அவையில் நிமிர்ந்து நிற்கவும், ஒரு சமூகத்தையே கடல் கடத்தி மீட்கவும் அது தடையாகவில்லை.

உஹதில் ஒரு மகன்

செய்தவரைப் பற்றி இவ்வளவும் கூறினோம். இழந்தவரின் நிலை என்ன? ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625-இல், நடந்த உஹதுப் போர் இதற்கு விடை தருகின்றது. ஹஜ்ரத் ஹுதைஃபா (ரலி) அவர்களின் தந்தை அல்யமான் (ரலி) அவர்கள் முதியவர். பெண்களோடும் சிறுவர்களோடும் மதீனாவில் இருக்க வைக்கப்பட்டவர், மனம் கேளாமல் பின்னர் களத்துக்கு வந்துவிட்டார். போரின் குழப்பத்தில் அவரை அடையாளம் தெரியாமல் முஸ்லிம்களே தாக்கிவிட்டனர். என் தந்தை, என் தந்தை என்று மகன் கதறியும் பயனில்லாமற் போயிற்று.

தந்தையைக் கண்ணெதிரே பறிகொடுத்த அந்த மகன், அதனைச் செய்தவர்களை நோக்கிக் கூறியது, அல்லாஹ் உங்களை மன்னிப்பானாக என்பதுதான். அவரை நாங்கள் அறியவில்லை என்று அவர்கள் கூறியது உண்மை என்பதை அவர் அறிவார். பெருமானார் (ஸல்) அவர்கள் தியத் வழங்க விரும்பினார்கள். ஹுதைஃபா (ரலி) அவர்கள் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் முஸ்லிம்களுக்கே தர்மமாக்கிவிட்டார்கள். அந்த மன்னிப்பினால் விளைந்த நன்மையின் எச்சம் அவர்கள் மறையும்வரை அவர்களிடம் நிலைத்திருந்தது என்று உர்வா (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டிருக்கின்றார்கள்.

இதில் இரு பாடங்கள் உள்ளன. மன்னிப்பவர் முன்வந்து மன்னிக்கலாம். ஆனால், விதி என்று விட்டுவிடுங்கள் என்று இழந்தவரை நாம் வற்புறுத்த உரிமையில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் கொடுக்கவே முன்வந்தார்கள். விட்டுக்கொடுப்பது மகனின் விருப்பமாகவே இருந்தது.

சாலையில் இன்று

இக்காலத்தில் தவறுதலான மரணங்கள் மிகுதியாக நேர்வது சாலைகளில்தான். 1993-இல் புருணை தாருஸ்ஸலாமில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஓட்டுநரே பொறுப்பு. தடுக்க முடியாத பெருஞ்சக்தியால் நேர்ந்தாலோ, பாதிக்கப்பட்டவரின் செயலே அதற்குக் காரணமானாலோ, வேறொருவரின் பிழையால் விளைந்தாலோ அப்பொறுப்பு நீங்கும் என்பது அதன் சாரம். ஆதலால் ஒவ்வொரு விபத்திலும் கஃப்பாரா கடமை என்று கண்ணை மூடிக்கொண்டு கூறிவிட முடியாது. நிகழ்ச்சியை விவரமாகக் கூறி ஆலிம்களிடம் தீர்ப்புப் பெற வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் குற்றத்தையும் இழப்பையும் பிரித்தே பார்க்கின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 164-ஆம் பிரிவு மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும், ஓட்டுநரின் குற்றத்தை நிரூபிக்காமலே பெற வழிசெய்கின்றது. இழப்பு உண்மை என்றால் ஈடும் உண்மை என்னும் ழமானின் தத்துவம் இதிலும் தெரிகின்றது. ஆனால் ஒரு வேறுபாடு. காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்தும். நோன்பை அது நோற்காது. வழக்கறிஞர் வழக்கை முடித்துத் தருவார். மனத்தின் வழக்கை அவரால் முடிக்க முடியாது. இறந்தவரின் வீட்டுக்குச் சென்று தலைகுனிந்து நிற்பதையும், அவருக்காகத் துஆச் செய்வதையும் வேறொருவர் நமக்காகச் செய்துவிட முடியாது.

மது அருந்தியும், கைப்பேசியில் பேசியும், உறக்கம் கண்ணை அழுத்தும்போதும் வண்டி ஓட்டுபவர்கள் இவ்வசனத்தின் சலுகையில் ஒளிந்துகொள்ள வேண்டாம். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே ஈமானின் கிளைகளில் ஒன்றென்று கற்ற சமுதாயம் நாம். தெரிந்தே ஆபத்தை வழியில் ஏற்றிவிட்டுப் பின்னர் தவறுதல் என்று கூறுவது தகாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உறக்கத்தில் குழந்தை இறந்துவிட்டால், தாயே அதற்குக் காரணம் என்று வீட்டார் முடிவுகட்டிவிடும் கொடுமை சில இடங்களில் நிகழ்கின்றது. உறுதி, ஐயத்தால் நீங்காது என்பதும், ஆதாரமின்றி எவர்மீதும் பொறுப்பைச் சுமத்தலாகாது என்பதும் ஃபிக்ஹின் அடிப்படை விதிகள். குழந்தை தானாகவே இறந்திருக்கக்கூடும் என்னும் ஐயம் இருக்கும்வரை அத்தாய்மீது கஃப்பாரா கடமையாவதில்லை. தன்னால்தான் நேர்ந்தது என்பது உறுதியானாலும் அவள் பாவியல்லள். அவளுக்குக் காட்டப்படுவது பரிகார வழியே. மாதவிலக்கின் காரணமாக இடையில் விடுபடும் நாள்கள் நோன்பின் தொடர்ச்சியை முறித்துவிடா என்பதையும் அவள் அறிந்திருக்கட்டும்.

இரண்டு தவறான வழிகள்

இத்தகைய சோதனையில் மனிதர் இரண்டு பக்கமாகச் சரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார், எல்லாம் நஸீப், நாம் என்ன செய்வது என்று கூறிக் கையை உதறிவிட்டுச் செல்கின்றனர். கத்ரின்மீது ஈமான் கொள்வது கடமை. அதனைப் பொறுப்பிலிருந்து தப்பும் கதவாக்குவது கடமையன்று. அல்லாஹ்வின் நாட்டமின்றி எதுவும் நிகழாது என்று கற்பித்த அதே மறைதான் நோன்பையும் இழப்பீட்டையும் விதித்தது.

மற்றொரு சாரார் குற்றவுணர்வில் மூழ்கிவிடுகின்றனர். தொழிலைத் துறக்கின்றனர்; பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மறுக்கின்றனர்; எனக்கு மன்னிப்பே இல்லை என்கின்றனர். இது பணிவு போலத் தோன்றும். உண்மையில் அறுபது நாளில் முடிய வேண்டியதை ஆயுள் முழுவதும் நீட்டுவதாகும். அல்லாஹ் விதித்ததைவிட அதிகமாக நம்மை நாமே தண்டித்துக்கொள்ள நமக்கு அதிகாரம் இல்லை.

தௌபாவுக்கு மூன்று படிகள் உள்ளன என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் விளக்குகின்றார்கள். முதலில் அறிவு, அந்த அறிவிலிருந்து பிறப்பது வருத்தம், வருத்தத்திலிருந்து பிறப்பது செயல். வருத்தம் நடுப்படி என்பதைக் கவனியுங்கள். அதில் கால் வைக்காமல் தாண்ட முடியாது. அதிலேயே குடியிருக்கவும் கூடாது. அங்கிருந்து, கடந்ததைச் சரிசெய்வதற்கும் வருவதைக் காப்பதற்கும் உரிய செயலுக்கு ஏறிவிட வேண்டும்.

ஃபலாஹ் என்னும் சொல்

மனிதன் அடைய வேண்டிய இறுதி நிலை எது என்பதைப் பற்றி கிரேக்கத்தின் அரிஸ்டாட்டில் முதல் முஸ்லிம் அறிஞர் மிஸ்கவைஹி (ரஹ்) வரை பலர் எழுதியிருக்கின்றனர். நமக்கு அந்நிலையைக் குறிக்கும் சொல் நாள்தோறும் ஐந்து வேளை காதில் விழுகின்றது. ஒவ்வொரு பாங்கிலும் இருமுறை நம்மை 'ஃபலாஹ்' நோக்கி அழைக்கின்றார் முஅத்தின். வெற்றி என்று அதற்குப் பொருள் கூறுகின்றோம். அச்சொல்லின் வேரோ பிளத்தல், நிலத்தை உழுதல் என்னும் பொருளைக் கொண்டது. அரபு மொழியில் உழவனுக்கு 'ஃபல்லாஹ்' என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

உழப்படாத நிலத்தில் விளைச்சல் இல்லை. கொழு கீறிய வடு நிலத்துக்கு நோவாகத்தான் இருக்கும். ஆனால் விதை இறங்குவது அந்த வடுவின் வழியாகத்தான். கீறிவிட்டு விதைக்காமல் விடுவதும் வீண். கைதவறி நேர்ந்த பிழையால் பிளந்துபோன உள்ளத்துக்கும் இதுவே நியதி. அந்தப் பிளவில் நோன்பையும், ஈட்டையும், இனி விழிப்பாக இருப்பேன் என்னும் உறுதியையும், தாகத்தால் நிற்பவருக்கு நீர் இறைக்கும் சேவையையும் விதைப்பவர் ஃபலாஹை அடைகின்றார். மத்யன் நிழலில் அமர்ந்திருந்த அந்தப் பெருந்தகை நமக்குக் காட்டிய வழியும் இதுவே.

எண்ணமே செயலின் உயிர் என்னும் நபிமொழிக்கும், எண்ணாமல் நேர்ந்ததற்குப் பரிகாரம் விதித்த திருவசனத்துக்கும் முரண்பாடு ஏதும் இல்லை. முன்னது, நீ பாவியல்லன் என்று நமக்கு ஆறுதல் கூறுகின்றது. பின்னது, போனது ஓர் உயிர் என்று நமக்கு நினைவூட்டுகின்றது. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்கும் உள்ளமே முஃமினின் உள்ளமாகும்.

நம் கைகளால் எவருக்கும் தீங்கு நேராமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! நேர்ந்துவிட்டால், அதற்குரிய பொறுப்பை ஏற்கும் துணிவையும், அதிலிருந்து எழுந்து நன்மை செய்யும் வலிமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.